சாவி இல்லாமல் இறங்கிய கண்ணாடி

பவர் விண்டோ வேலை வந்தால் எடுத்தவுடன் கதவைப் பிரிக்காதீர்கள். அந்தக் கண்ணாடி ஓரம் யார் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். கோளாறு வருவதற்கு முன் வண்டிக்கு என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை.

வில்லியனூரில் முப்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். இப்போது இல்லை. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மோட்டாரை எப்படிக் கழற்றுவது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதெல்லாம் போனிலேயே வருகிறது. போனில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

பழைய வண்டிக் கதவு ஒரு பொந்து மாதிரி. உள்ளே எலிக்கூடு பார்த்திருக்கிறேன். உயிரோடு தவளை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பாம்புச் சட்டை. கண்ணாடி ஏறி இறங்கும் தடத்திலேயே முழுசாக, நீளமாகக் கிடந்தது. எடுத்து வெளியே போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு கதவைப் பார்த்து நான் பயந்தது ஒரே ஒரு முறை. அந்தக் கதவுக்குள் எதுவுமே இல்லை.

வண்டி பண்டசோழநல்லூரிலிருந்து வந்தது. வெள்ளைக் கார், பதினாறு பதினேழு வயது. எனக்குத் தெரிந்த வண்டிதான். கரும்பு, நெல் என்று பயிர் வைக்கிற ஒரு மனிதர் ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை. சில வருடம் முன்னால் என் கடைக்கு வந்து, "வயல்ல உக்காந்துகினு கண்ணாடி எறக்க ஒவ்வொரு தபாவும் சாவி போடணுமா? டைரக்ட் குடுத்துடுப்பா" என்றார். கொடுத்தேன். பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் ஒன்றை நேராகக் கதவுக்குள் கொண்டுபோய் முடிச்சுப் போட்டேன். அதன் பிறகு சாவி இல்லாமலே அந்த வண்டியில் கண்ணாடி ஏறும், இறங்கும். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் அப்படிச் செய்து கொடுத்தேன். நீங்களும் செய்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை வண்டியை ஓட்டி வந்தது அவர் தம்பி பாஸ்கர். இறங்கி என் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினான்.

"அண்ணே, டிரைவர் சைடு கண்ணாடி தானா எறங்குது."

"சுவிட்ச ஒரசி இருப்பீங்க."

"ஆளே இல்லாதப்ப எறங்குது. சாவி வூட்டுக்குள்ள தொங்குது. காலைல ஆறே முக்காலுக்கு. டெய்லி."

"அண்ணன் எங்க?"

அவன் வண்டியைப் பார்த்தான். "அதுலதாண்ணே போய்ட்டாரு. ஐப்பசில. கரும்பு வயலாண்ட நிறுத்தி உக்காந்துகினு இருந்தவரு. போய் பாத்தா கை வெளிய தொங்குது. கண்ணாடி எறங்கி இருக்குது."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் வண்டி என் கடையில் நின்றது. தகரக் கொட்டகை. மழை விட்டு வெயில் காய்ந்த நாட்கள், உள்ளே அனல். சுவிட்சை நூறு தடவை போட்டுப் பார்த்தேன். நூறு தடவையும் சொன்ன பேச்சு கேட்டது. கதவுத் தட்டியைக் கழற்றி மோட்டாரைப் பார்த்தேன். தடத்தைப் பார்த்தேன். கம்பியைப் பார்த்தேன். குறை இல்லை. காலை ஆறே முக்காலுக்கு வந்து கடையைத் திறந்து வண்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி அசையவில்லை. சுவிட்ச் நன்றாக வேலை செய்ததால் அதைக் கழற்றவில்லை. என் டைரக்ட் வயரைப் பார்த்தேன். செத்தவர் ஆசைப்பட்டுப் போட்டது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்கர் வந்தான். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னா?"

"வண்டில ஃபால்ட் இல்ல."

"அப்ப இன்னாண்ணே அது? அவருதானா?"

லோடு ஆட்டோக்காரர் ஒருவர் ரொம்ப நேரமாகக் காத்திருந்தார். அவர் குரல் கொடுத்தார். "யப்பா, பேய் வண்டிய ஓரமா எடுப்பா. உயிரோட இருக்கறவன் வண்டிக்கு ஹெட்லைட்டு எரியல." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாக்கில் பாஸ்கரிடம் சொன்னேன்:

"இருந்தா இருந்துட்டு போறாரு, வுடுப்பா. காத்து வாங்கறாரு."

அவன் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஹெட்லைட் பார்க்கப் போனேன்.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் மெக்கானிக் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் அதற்கு வண்டி நன்றாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தமில்லை. சாவு விழுந்த வண்டியாக இருந்தால் அது வேறு மாதிரி வீடு போய்ச் சேரும். கோளாறு இல்லை என்றால் அவர் இருக்கிறார் என்று ஆகிவிடும். பூசாரி சொன்னால்கூடப் பாதிப் பேர்தான் நம்புவார்கள். மெக்கானிக் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். "எனக்குக் கிடைக்கல" என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மையும்கூட. கௌரவம் பார்த்தேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. பெண் குரல்.

"நான் பண்டசோழநல்லூரு செல்வி பேசறேன். ஏழுமலை சம்சாரம்."

"சொல்லும்மா."

"நீங்கதான் சொன்னீங்களாமே, அவரு காத்து வாங்கறாருன்னு."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"எம் பொண்ணு காதுல வுழுந்துட்டுது. ஆறு வயசு. டெய்லி விடிஞ்சா போய் வண்டில உக்காந்துக்கறா. கண்ணாடி எறங்கனா அப்பா வந்துட்டாருன்னு பேச ஆரம்பிச்சுடறா. எறங்க சொன்னா கத்தறா. பதினஞ்சு நாளா இஸ்கூலுக்கு போவல. வேன்காரரு வந்து நின்னு பாத்துட்டு போறாரு."

"பேட்டரிய கழட்டி வெச்சுடலாமே."

"என் கொழுந்தனாரும் அதான் சொன்னாரு. எனக்கு மனசு வரல." பின்னால் ஒரு மாடு கத்தும் சத்தம். "நீங்க வாங்க. நீங்கதான சொன்னீங்க. நீங்களே வந்து அவளாண்ட சொல்லுங்க, அவரு இல்லன்னு."

மறுநாள் விடியலில் போனேன். மூடுபனி. பைக் விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. கரும்பு இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றது. ஊர் எங்கே இருக்கிறது என்று நாய் குரைப்பை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் பக்கத்தில், நாலு கால் நட்டு மேலே மட்டும் தகடு போட்ட கொட்டகை. பக்கத் தடுப்பு இல்லை. அதற்குள் கார் நின்றது. கரும்பு வயலைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள்.

செல்வி வெளியே வந்தாள். தோளில் துண்டு. கையில் சாவிக்கொத்து. பின்னால் பாஸ்கர் வந்தான். என்னைப் பார்த்து, "வாங்க, ஒண்ணுமில்ல மெக்கானிக்கு" என்றான். அது எனக்கு வேண்டியதுதான்.

டிரைவர் சீட்டில் அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தாள். பெயர் யாழினி. பள்ளிச் சீருடை போட்டு, ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டியிருந்தது. மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தண்ணிக்குள் இருப்பது போலத் தெரிந்தது.

"கண்ணாடிய மூடி வெக்கறது யாரு?"

"நான்தான்" என்றான் பாஸ்கர். "பொழுதுபோனா சுவிட்ச போட்டு ஏத்தி வுடணும். இல்லாட்டி தூங்க மாட்டா. நாளைக்கு அப்பா தெறக்கணுமே சித்தப்பான்றா."

"சாவி?"

செல்வி கொத்தை என் கையில் கொடுத்தாள். கார் சாவி, வீட்டுச் சாவி, இரண்டு ஊக்கு. ஆக, வண்டிக்குள் சாவி இல்லை. குழந்தையின் கை இரண்டும் மடியில் இருந்தன. அதை நான் குறித்துக்கொண்டேன்.

நின்றோம். பனி தகட்டிலிருந்து சொட்டியது. மணி பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு அது இறங்கியது.

வேகமாக இல்லை. முனகிக்கொண்டு, நின்று, மறுபடி இறங்கியது. உள்ளே இருக்கிறவர் யார் வந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு இறக்குவது போல. ஆயிரம் கண்ணாடி ஏற்றி இறக்கியவன் நான். அந்தச் சத்தம் மோட்டார் சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால் ஒரு எட்டு பின்னால் போனது.

குழந்தை பேச ஆரம்பித்தாள். எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்பா, கன்னுக்குட்டி எழுந்து நிக்குது. சித்தப்பா பேரு வெக்கல. நீ சொல்லு." கொஞ்சம் நிறுத்தினாள். ஆள் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் விடுவோமோ அவ்வளவு நேரம். பிறகு தலையாட்டினாள். "ம். சரி."

பாஸ்கர் என் காதில், "பேரு வந்துட்டுதா பாருங்க" என்றான். கிண்டல்தான். ஆனால் அவனும் அந்தக் காலி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சாவிக்கொத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அப்பா கெளம்பிட்டாரு, டாட்டா சொல்லணும்" என்றாள் யாழினி. சீட்டில் முட்டி போட்டு எழுந்து, தலையை வெளியே நீட்டி, கரும்புப் பக்கம் திரும்பினாள்.

மோட்டார் மறுபடி முனகியது.

"எறங்கத்தான் செய்யும், ஏறாது" என்றாள் செல்வி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி ஏறியது.

தலையை இழுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா என்று நினைத்திருக்கிறாள், ஏன் இழுப்பாள்? கண்ணாடி விளிம்பு கழுத்துக்குக் கீழே வந்து முட்டி, மேல் சட்டத்தோடு சேர்த்து அழுத்தியது. இப்போது வரும் சில வண்டிகளில் ஏதாவது தட்டினால் கண்ணாடி தானாக இறங்கிவிடும். இந்த வயது வண்டிக்கு அந்த அறிவு கிடையாது. குழந்தையிடமிருந்து சத்தம் வரவில்லை. உள்ளே கால் மட்டும் சீட்டில் உதைத்தது.

செல்வி இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக் கீழே தள்ளினாள். பாஸ்கர் பானெட்டுக்கு ஓடினான். "பேட்டரிய புடுங்கறேன்!"

"தொடாத!" என்று கத்தினேன்.

இது உங்களுக்கு. கரண்ட்டை நிறுத்தினால் கண்ணாடி ஏறுவது நிற்கும். ஆனால் இறங்காது. மோட்டாரில் இருக்கும் பல்சக்கரம் நின்ற இடத்தில் பூட்டிக்கொள்ளும். எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. குழந்தை அதில் மாட்டியபடியே இருப்பாள். அவளை வெளியே எடுக்கவும் அதே கரண்ட்தான் வேண்டும். பயம் வந்தால் எல்லோருக்கும் கை பேட்டரிக்குத்தான் போகும். அந்த இடத்தில் ஒரு மூச்சு நில்லுங்கள்.

இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே குறுக்கே விழுந்தேன். சுவிட்சை இறக்கத்துக்கு அழுத்தினேன். மோட்டார் நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. ஏற்றுகிற பக்கமும் இறக்குகிற பக்கமும் சேர்ந்து கரண்ட் வாங்கினால் மோட்டார் எங்கும் போகாது. விரலை எடுத்தேன். மறுபடி ஏறப் பார்த்தது. கையிலிருந்த சாவியின் முனையை இடுக்கில் நுழைத்து சுவிட்சைக் கதவிலிருந்து நெம்பி எடுத்தேன். பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் அடங்கியது.

அப்போதுதான் பார்த்தேன். பிளக் முழுக்க மஞ்சள். வயர்கள் மஞ்சள். பின்களில் பச்சையாகப் பூத்திருந்தது. மூக்குக்கு வாசனையும் வந்தது. மஞ்சள் தண்ணீர். கோமியம்.

யோசிக்க நேரமில்லை. பிளக்கிலிருந்து மோட்டாருக்குப் போவது இரண்டு வயர். ஒன்றில் கரண்ட் கொடுத்தால் கண்ணாடி இறங்கும். மற்றதில் கொடுத்தால் ஏறும். நிறத்தைப் பார்த்துத்தான் எது எது என்று சொல்வோம். இங்கே நிறம் போய்விட்டது. என் சிவப்பு வயரை டேப் சுற்றிய முடிச்சு காட்டிக் கொடுத்தது. எர்த் வயர் கறுப்பு, அதுவும் தெரிந்தது. மோட்டார் வயர் இரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தன. தப்பானதைத் தொட்டால் இன்னும் ஏறும். இன்னும் ஏற இடமில்லை.

வெளியே செல்வி, "அண்ணே, கண்ணு சொருவுது, அண்ணே" என்றாள்.

"கண்ணாடிய ஒடைக்கறேன்!" என்று பாஸ்கர் கல்லை எடுத்துவிட்டான். குழந்தையின் தாடை கண்ணாடியோடு கண்ணாடியாக இருந்தது. கல் எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது.

"பத்து எண்ணு" என்றேன். "பத்துக்குள்ள எறங்கலன்னா அடி."

அவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான்.

பிளக்கில் அந்த மோட்டார் வயர் இரண்டின் பின்னையும் விரலால் தொட்டேன். ஒன்று சில்லென்று இருந்தது. ஒன்று சுட்டது. இப்போது கரண்ட் ஈரத்தில் தாண்டி நுழைந்தது எதில்? சுட்டதில். இப்போது கண்ணாடி எந்தப் பக்கம் போனது? மேலே. சுட்டது ஏற்றுகிற வயர். அவ்வளவுதான் கணக்கு.

சாவிக்கொத்திலிருந்த ஊக்கு இரண்டையும் விரித்தேன். ஒன்றால் சிவப்பையும் சில்லென்றிருந்ததையும் சேர்த்தேன். இன்னொன்றால் கறுப்பையும் சுட்டதையும் சேர்த்தேன். ஊக்கு கை தோலைப் பொசுக்கியது. விடவில்லை. பாஸ்கர் ஆறு என்றான்.

கண்ணாடி இறங்கியது.

செல்வி வெளியிலிருந்து பிள்ளையின் தலையை உள்ளே தள்ளினாள். யாழினி என்மேல் சாய்ந்து விழுந்தாள். இருமினாள். பிறகு மூச்சை ஒரு தடவை பெரிதாக இழுத்தாள். கழுத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. அன்றைக்கே அரியூர் பக்கம் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உள்ளுக்குள் எதுவும் ஆகவில்லை என்றார்கள். அது பிறகு.

"வண்டிக்கு இன்னா ஊத்தனீங்க?" என்று கேட்டேன். இரண்டு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பாஸ்கர் கல்லைக் கீழே போடாமல் நின்றான். "பதினாறாம் நாளு தீட்டு கழிக்க மஞ்ச தண்ணியும் கோமியமும் ஊத்தனோம். அவரு கை கடைசியா பட்ட எடமாச்சே, கதவுல கொஞ்சம் நல்லாவே ஊத்தனேன்."

"கண்ணாடி எப்பலேர்ந்து தானா எறங்குது?"

"அதுக்கு அப்பறம்தான்."

கோமியத்தில் உப்பு இருக்கிறது. உப்பு பனியில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்டால் சுவிட்சுக்குள் கரண்ட் தன் இஷ்டத்துக்குத் தாண்டும். என் தகரக் கொட்டகை அனலில் எல்லாம் காய்ந்து கிடந்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை. அவரை அனுப்பி வைக்க ஊற்றிய தண்ணீர்தான் அவர் வந்ததாகக் காட்டியது. நான் கொடுத்த டைரக்ட் இல்லாவிட்டால், எவ்வளவு ஊற்றியிருந்தாலும் சாவி போடாத வண்டியில் ஒன்றும் அசைந்திருக்காது. தினமும் அதே நேரத்துக்கு ஏன் என்று கேட்டால், பனி அந்த நேரத்தில்தான் முற்றும் என்று சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அதற்கு மேல் என்னிடமும் பதில் இல்லை.

யாழினி கழுத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, அப்பாவுக்கு எம்மேல இன்னா கோவம்?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அப்பாவுக்கு கோவம் இல்லம்மா. அப்பா இங்க இல்ல."

"நீதான் சொன்னியாம், காத்து வாங்கறாருன்னு."

"சொன்னேன். தெரியாம சொன்னேன். எனக்கு கண்டுபுடிக்க தெரியல, அத மறைக்க அப்பிடி சொன்னேன்." பிளக்கை அவள் கையில் கொடுத்தேன். "இந்த செவப்பு வயரு நான் போட்டது. உங்க அப்பா உன் கழுத்த புடிக்கல. இதான் புடிச்சுது. நான் போட்டதுதான் புடிச்சுது."

பாஸ்கர் கதவு வழியாகக் கையை விட்டு என் சட்டையைப் பிடித்தான். "இன்னா சொன்ன?"

"வுடு தம்பி. சொல்லி முடிக்கட்டும்" என்றாள் செல்வி.

யாழினி வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப டெய்லி எறக்கனது?"

"வயரு."

"நேத்தி?"

"வயரு."

"என் பொறந்த நாளு அன்னிக்கு?"

செல்வியைப் பார்த்தேன். அவள் எனக்கு உதவவில்லை.

"அதுவும் வயருதாம்மா."

வயர் அறுக்க முப்பது வருடத்தில் நான் யோசித்ததில்லை. அந்தச் சொல்லைச் சொல்ல யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. பிளக்கை சீட்டில் வைத்தாள்.

"அப்ப நான் பேசனதெல்லாம் யாரு கேட்டாங்க?"

கரண்ட்டைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியும்.

"நான் கேட்டேன்டி" என்றாள் செல்வி. வண்டிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, திறந்திருந்த ஜன்னலில் மோவாயை வைத்தாள். "டெய்லி பின்னாடி வந்து நின்னு கேட்டேன். ஒரு நாளு வுடல."

"எல்லாமா?"

"கணக்குல ஏழு மார்க்கு வாங்கி பேப்பர அரிசி பானையில ஒளிச்சு வெச்சியே, அது கூட."

யாழினி அவளை முறைத்துப் பார்த்தாள். "அத அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"தெரியும். அதான் எடுக்காம வெச்சிருக்கேன்."

குழந்தை அம்மாவின் மோவாயைத் தொட்டு நகரச் சொன்னாள். பிறகு கதவைத் தானே திறந்துகொண்டு, காரை விட்டு இறங்கினாள்.